கன்ட்ரோலரும் கையறுநிலையும்

முதலில் ஒரு எச்சரிக்கை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் கேம்கள் இரண்டு, பிரதர்ஸ், தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 ஆகியவற்றின் முடிவுகள் இங்கே மறைக்கப்படவில்லை. வேறு சில கேம்களின் முடிவுகளும் போகிற போக்கில் வருகின்றன. இவற்றில் எதையாவது பாதியில் வைத்திருக்கிறீர்கள் என்றால், முடித்துவிட்டு வாருங்கள். இந்தக் கட்டுரை எங்கும் ஓடிவிடாது.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் கன்ட்ரோலரின் திசை பட்டனான டி-பேடில் மேலே அழுத்தினால் விசில். பக்கத்தில் எங்கே நின்றாலும் குதிரை ஓடி வரும். ஐம்பது, அறுபது மணி நேரம் ஆடிய ஒருவரின் கட்டைவிரலுக்கு இது யோசித்துச் செய்கிற வேலையே இல்லை. நாம் ஆடும் கொள்ளைக் கூட்டத்து ஆளான ஆர்தர் மார்கன் இறந்து, கதை 1907-க்குத் தாவி, அதே கூட்டத்து ஜான் மார்ஸ்டன் நம் கைக்கு வந்ததும் அதே விரல் அதே இடத்தில் அழுத்தும். விசில் கேட்கும். வருவது வேறு குதிரை. மலை முகட்டில் ஆர்தர் கண்மூடுவதைக் கல் மாதிரி உட்கார்ந்து பார்த்தவர்கள்கூட இந்த இடத்தில் உடைந்துபோகிறார்கள்.

சங்கப் பாடல்களில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. தலைவன் இறந்தபின், அவனைச் சார்ந்திருந்தவர்கள் செய்வதறியாது நின்று புலம்புவது. 'கை' என்பதற்கு அங்கே செயல் என்று பொருள். கேம் ஆடுகிறவருக்கோ அது நிஜமான கையாகவே வந்துவிடுகிறது. கன்ட்ரோலர் கையில் இருக்கிறது, பட்டன் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, அழுத்தினால் அசைய ஆள் இல்லை. சினிமாவில் நாயகன் இறந்தால் கண் அழும். கேமில் இறந்தவரை முதலில் தேடுவது விரல்கள். இந்த வருத்தத்தோடு என்ன செய்வது என்று யோசிக்கும்போதும் விரல்களில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆர்தரையே எடுத்துக்கொள்வோம். 2018 அக்டோபர் 26-இல் வந்த கேம், கதை நடப்பது 1899-இல். இந்த மனிதனுக்கு நீங்கள் சோறு போட்டிருக்கிறீர்கள். தாடி நாளுக்கு நாள் வளரும், நீங்கள்தான் மழித்துவிட வேண்டும். துப்பாக்கியில் அழுக்கேறினால் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். பனி மலைக்குப் போனால் தடித்த கோட்டு மாட்டிவிட வேண்டும், மறந்தால் உடம்பு தளரும். குதிரைக்குத் தீனி, தட்டிக்கொடுத்தல், உடம்பு தேய்த்துவிடுதல். இவை எல்லாம் கேமை இழுக்கிற வெட்டி வேலைகள் என்று குறை சொன்னவர்கள் நிறையப் பேர். கடைசியில் அவர்களும் அழுதார்கள் என்றால் காரணம் இந்த வேலைகள்தான். ஒருவரைப் பராமரித்த கைக்கு அவர் மேல் பாசம் வராமல் போகாது.

பிறகு அந்த நோய். இரண்டாம் அத்தியாயத்தில் கூட்டத்தில் இருக்கும் ஸ்ட்ராஸ் என்கிற வட்டிக்காரன் கொடுத்த கடனை வசூலிக்க, தாமஸ் டவுன்ஸ் என்ற நோயாளி விவசாயியின் வீட்டுக்கு ஆர்தர் போகிறான். அடிக்கிறான். அடிபட்டவன் இருமும்போது ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. அங்கேயே காசநோய் தொற்றிவிடுகிறது. முதல்முறை ஆடும்போது இது ஒரு சின்ன மிஷன், அடுத்த வேலையைப் பார்த்துப் போய்விடுவோம். குவார்மா தீவிலிருந்து திரும்பிய பின் செயின்ட் டெனிஸ் தெருவில் ஆர்தர் சுருண்டு விழுந்து, டாக்டர் நோயின் பெயரைச் சொல்லும்போதுதான் அந்தப் பழைய அடி நினைவுக்கு வரும்.

நமக்கு டிபி என்றால் ஆறு மாத மாத்திரை, விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். கதை நடக்கும் 1899-இல் அப்படி எதுவும் கிடையாது. ராபர்ட் காக் அந்தக் கிருமியைக் கண்டறிந்தது 1882-இல். அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பிறந்தது 1943-இல். இடைப்பட்ட அறுபது வருடத்தில் டாக்டர்களால் சொல்ல முடிந்ததெல்லாம், வெதுவெதுப்பான, ஈரமில்லாத ஊராகப் பார்த்துப் போய் ஓய்வெடு என்பதுதான். கேமில் வரும் டாக்டரும் அதையே சொல்கிறார். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு இறைச்சி சுட்டுக் கொடுத்தாலும் ஆர்தரின் உடம்பு தேறாது. கன்னம் ஒட்டும், கண் சிவக்கும். உணவு கொடுத்தால் எடை கூடும் என்று நாற்பது மணி நேரமாக உங்களுக்குப் பழக்கிய கேம், அந்த விதியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறது. நோயாளியைப் பார்த்துக்கொண்ட எவருக்கும் தெரிந்த இயலாமை அது. அதை வசனமாகச் சொல்லாமல் ஒரு எடை அளவில் வைத்தார்களே, இந்தக் கேமின் மேதைமை அங்கேதான் இருக்கிறது.

டவுன்ஸ் வீட்டு மிஷனைத் தவிர்க்க முடியுமா என்று தேடாதவர் இல்லை. முடியாது, அதைச் செய்யாமல் கதை முன்னே நகராது. ஆனால் அதைத் தொடாமல் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருந்துகொண்டு, வேட்டையும் மீன்பிடிப்பும் சீட்டாட்டமுமாக மாதக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது முறை ஆடுகிறவர்களிடம் இது சாதாரணம். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆர்தர் ஆரோக்கியமாக இருக்கும் ஒரு சேவ் ஃபைல் பக்கத்தில் இருப்பது பலருக்கு ஆறுதல். மறு ஆட்டம் தொடங்கும்போதே, அந்த மிஷனுக்கு முன்னால் ஒரு மேனுவல் சேவ் போட்டு அதைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோசேவை நம்பாதீர்கள், அது அடுத்த மிஷனில் மாறிவிடும்.

ஆர்தர் சாவது உறுதி. எப்படிச் சாகிறான் என்பது உங்கள் கையில். கடைசியில் ஜானுக்கு உதவப் போகிறீர்களா, கூட்டத்தின் பணத்தை எடுக்கத் திரும்புகிறீர்களா என்பது ஒரு முடிவு. அதுவரை நல்லதும் கெட்டதும் செய்து சேர்த்த ஹானர் என்ற மதிப்பு இன்னொன்று. இரண்டும் சேர்ந்து நான்கு விதமான சாவு. டி-பேடில் கீழே அழுத்தினால் ஹானர் கோடு தெரியும். குறி நடுவுக்கு வலப்பக்கம் இருந்து, ஜானுடன் போனால், ஆர்தர் சூரிய உதயத்தைப் பார்த்தபடி இறக்கிறான். இடப்பக்கம் இருந்தால், அதே இடத்தில் கூட்டத்துத் துரோகி மைக்கா சுட்டுக் கொல்கிறான். பணத்துக்குத் திரும்பும் இரண்டு முடிவுகளும் கசப்பு. முதல்முறை ஆடுகிறவருக்கு எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: வலப்பக்கம், ஜானுடன். மற்ற மூன்றையும் பிறகு பழைய சேவிலிருந்து பார்க்கலாம், அல்லது பார்க்காமலே விடலாம்.

ஆறாம் அத்தியாயம் வந்ததும் பெரும்பாலானோர் செய்கிற தவறு, மேப்பில் முக்கியக் கதையைக் காட்டும் மஞ்சள் குறியை மட்டும் துரத்திக்கொண்டு ஓடுவது. முகாமே இருட்டாக, எல்லோரும் சண்டையாக இருப்பதால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி ஓடினால் ஆர்தர் மன்னிப்புக் கேட்கும் இடங்கள் எல்லாம் தவறிப்போகும். சுரங்க ஊரான ஆன்ஸ்பர்க்கில் தாமஸ் டவுன்ஸின் மனைவி ஈடித்தையும் மகனையும் மறுபடி சந்திக்கும் மிஷன் ஒன்று இருக்கிறது. கட்டாயம் இல்லாதது, ஹானர் தாழ்ந்திருந்தால் கண்ணில் படாமலே போகலாம். அதை விட்டுவிடாதீர்கள். தொற்று எங்கே தொடங்கியதோ அந்த வீட்டுக்கே கதை திரும்பி வருவது அதில்தான். கடன் வசூல் மிஷன்களும் மறுபடி வரும், இந்தமுறை வசூலிக்காமல் விடலாம்.

இன்னொன்று ரயில் நிலையக் காட்சி. கன்னியாஸ்திரி சிஸ்டர் கால்டெரோன் தொடர்பான மிஷன்களை முன்பே முடித்து, ஹானரும் உயர்வாக இருந்தால், பிளாட்பாரத்தில் ஆர்தர் பேசுவது அவரோடு. இல்லையென்றால் கூட்டத்தோடு இருந்த பாதிரியார் ரெவரெண்ட் ஸ்வான்சனோடு. கால்டெரோனிடம்தான் தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஆர்தர் வாய்விட்டுச் சொல்கிறான். அத்தனை மணி நேரத்தில் அந்த முரட்டு ஆள் அப்படி ஒரு சொல்லைச் சொன்னதே இல்லை. ஆர்தராக நடித்த ரோஜர் கிளார்க்குக்கு 2018 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது கிடைத்தது. அந்த பெஞ்சில் உட்கார்ந்து பேசும் சில நிமிடங்களுக்கே கொடுத்திருக்கலாம்.

ஹானர் குறைவாக இருக்கிறதே என்று கடைசி நேரத்தில் பதறுகிறவர்களுக்கு: மீனைப் பிடித்துத் திரும்ப ஆற்றில் விடுவது, தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கு வணக்கம் சொல்வது, வழியில் உதவி கேட்கிறவர்களுக்கு உதவுவது, முகாமில் மூட்டை தூக்குவது, முகாம் பெட்டியில் பணம் போடுவது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். ஒரு மாலை பொறுமையாக ஆடினால் நடுக்கோட்டைத் தாண்டிவிடலாம்.

கடைசி ரயில் கொள்ளை மிஷனைத் தொடங்கிவிட்டால் பிறகு ஆர்தரோடு சும்மா சுற்ற நேரம் கிடைக்காது. அதற்கு முன்னால் ஒரு மேனுவல் சேவ். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது யாரும் குறுக்கிடாத பொழுதாகப் பார்த்து உட்காருங்கள். மறுநாள் காலையில் பரீட்சையோ வேலையோ இருக்கும் இரவு பதினோரு மணி வேண்டாம். மனசு ஆறாமல் தூக்கம் வராது, பாதியில் நிறுத்தினால் அதைவிட மோசம். முகாமுக்கு ஆர்தர் தனியாகத் திரும்பும் கடைசிப் பயணத்தில் பாட்டு ஒலிக்கும். அங்கே குதிரையை விரட்டாதீர்கள். ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

குதிரை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எந்தக் குதிரையில் போனாலும் அது அந்த மிஷனில் குண்டுபட்டுச் சாகும். துரத்துகிறவர்கள் நெருங்கிவரும் நேரத்திலும் ஆர்தர் மண்டியிட்டு அதன் கழுத்தைத் தடவி நன்றி சொல்கிறான். இதைக் கேள்விப்பட்டதும் பிரியமான குதிரையைக் கொட்டிலில் விட்டுவிட்டு வேறொன்றில் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்து கூட வந்த குதிரையிலேயே போங்கள் என்பதுதான் எங்கள் எண்ணம். பேர்கூட வைக்காத குதிரைக்கு ஆர்தர் அப்படி நன்றி சொல்வதைப் பார்த்தால் காட்சி வெறுமையாகிவிடுகிறது.

இறக்கும் கட்டத்தில் பலர் செய்யும் இன்னொரு பிழை, தான் தோற்றுவிட்டதாக நினைத்துப் பழைய செக்பாயின்ட்டை லோட் செய்வது. 2010-இல் வந்த முதல் ரெட் டெட் ரிடெம்ப்ஷனில் இது அடிக்கடி நடந்தது. ஜான் மார்ஸ்டன் மனைவியையும் மகனையும் குதிரையில் அனுப்பிவிட்டுக் களஞ்சியத்தின் கதவைத் திறக்கிறான். வெளியே ராணுவம் வரிசையாக நிற்கிறது. நேரத்தை மெதுவாக்கிக் குறிவைக்க விடும் டெட் ஐ தானாக ஓடத் தொடங்குகிறது. கேம் முழுக்க உங்களைக் காப்பாற்றிய திறமை அதுதான் என்பதால், சரியாகக் குறிவைத்தால் எல்லோரையும் வீழ்த்திவிடலாம் என்று கை நம்பும். எத்தனை பேரைச் சுட்டாலும் மீதிப் பேர் இருப்பார்கள். சரியான குறி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. கதைச் சாவையும் ஆட்டச் சாவையும் பிரித்தறிய ஒரு வழி: தோல்வி என்றால் திரையில் அதற்கான எழுத்து வரும், மறுபடி முயல்கிறாயா என்று கேட்கும். கதை உங்களைக் கொல்லும்போது எதுவும் கேட்காது. ஹேலோ ரீச்சில் கடைசிக் கட்டத்தின் இலக்கே உயிரோடு இரு என்ற ஒற்றை வரிதான், ஹெல்மெட் கண்ணாடியில் விரிசல் விழுந்துகொண்டே இருக்கும், கட்டத்துக்கு வேறு முடிவு கிடையாது. கால் ஆஃப் டூட்டி 4-இல் அணுகுண்டு வெடித்த பிறகு, நாம் ஆடும் சிப்பாய் ஜாக்சன் ஹெலிகாப்டரிலிருந்து ஊர்ந்து வெளியே வருவான். ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் சில அடிதான். இந்த இடங்களில் மருந்தையும் தோட்டாவையும் மிச்சம் பிடிப்பதிலும் பயனில்லை, லோட் செய்வதிலும் பயனில்லை.

முதல் ரெட் டெட்டை ஆடுகிறவர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. ஜான் இறந்ததும் கிரெடிட்ஸ் ஓடாது. கதை 1914-க்குத் தாவி, மகன் ஜாக் கைக்கு வருவான், எந்தப் பெரிய மிஷன் குறியும் இருக்காது. இவ்வளவுதானா என்று வெறுத்து நிறுத்தியவர்கள் ஏராளம். பிளாக்வாட்டர் ரயில் நிலையத்தின் பக்கம் போய் அந்நியர்களுக்கான கேள்விக்குறியைத் தேடுங்கள். ஜானைக் கொல்ல ஆள் கொண்டுவந்த அரசு அதிகாரி எட்கர் ராஸ் வரை கொண்டுபோகும் நூல் அங்கேதான் தொடங்குகிறது. அதை முடித்தால்தான் கிரெடிட்ஸ்.

விரல்கள் துக்கப்படும் என்று சொன்னோமே, அதை நேராகவே எடுத்துக் காட்டிய கேம் ஒன்று இருக்கிறது. ஜோசப் ஃபாரெஸ் இயக்கி 2013-இல் வந்த பிரதர்ஸ். மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே கன்ட்ரோலரில் இரண்டு அண்ணன் தம்பிகள்: இடது ஸ்டிக்கும் இடது டிரிக்கரும் அண்ணன் நையா, வலது பக்கம் முழுக்கத் தம்பி நையீ. அம்மா தண்ணீரில் மூழ்கிச் செத்ததால் தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆறு குறுக்கிட்டால் அண்ணன் நீந்துவான், தம்பி அவன் முதுகைப் பிடித்துக்கொள்வான். ஆரம்பத்தில் இரண்டு கையும் குழம்பும். ஒரு மணி நேரத்தில் இடது கை அண்ணனாகவும் வலது கை தம்பியாகவும் ஆகிவிடும்.

அண்ணன் இறந்த பிறகு அவன் உடலைக் குழிக்கு இழுத்துப்போவதும் மண் தள்ளுவதும் நீங்கள்தான், வலது டிரிக்கரை அழுத்தி அழுத்தி. இடது கை மடியில் கிடக்கும், அதற்கு வேலை இல்லை. ஊர் திரும்பும் வழியில் அந்த ஆறு வருகிறது. தம்பி கரையில் நிற்கிறான். வலது பக்கத்து எதை அழுத்தினாலும் இறங்க மறுக்கிறான். குழம்பி, என்னென்னவோ செய்து பார்த்து, கடைசியில் இடது டிரிக்கரை அழுத்தினால், அண்ணனின் பட்டனை அழுத்தினால், தம்பி தண்ணீரில் இறங்கி நீந்துகிறான். வசனம் இல்லை, அம்புக்குறி இல்லை. சும்மா கிடந்த இடது சுட்டுவிரலில் ஓர் ஆள் திரும்பி வருகிறார். 2024-இல் வந்த மறு ஆக்கத்திலும் இதை அனுபவிக்கலாம். ஆடுகிறவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், இடதை அழுத்து என்று தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே பிரதர்ஸை யூடியூபில் பார்ப்பது ஆடுவதற்கு ஈடாகாது. ஆர்தரின் கதையைத் தமிழில் பேசிக்கொண்டே ஆடும் சேனல்களில் பார்த்து அழுதவர்கள் நிறைய உண்டு, அந்த அழுகையும் உண்மைதான். ஆனால் பிரதர்ஸ் கண்ணுக்குக் கொடுப்பது பாதிதான், மீதி விரலில் இருக்கிறது.

ஆர்தர் இறந்த பிறகு வரும் பின்கதையான எபிலாக்கில்தான் அதிகம் பேர் கேமைக் கைவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. இரண்டு பகுதி, பல மணி நேரம், தொடக்கத்தில் பிராங்ஹார்ன் ரான்ச்சில் சாணம் அள்ளுவதும் பசு கறப்பதும். அழுத கண்ணோடு இருப்பவரிடம் இந்த வேலைகளைக் கொடுத்தால் எரிச்சல்தான் வரும். துக்க வீட்டுக்கு மறுநாள் நடப்பதை நினைத்துப் பாருங்கள். யாரோ வாசல் தெளிக்கிறார்கள், யாரோ பால் காய்ச்சுகிறார்கள். எபிலாக் அந்த மறுநாள். இதை ஒரே மூச்சில் ஆடக்கூடாது. ஆர்தர் இறந்த அன்று கேமை மூடிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு வாருங்கள். இடைவெளி மூன்று நான்கு வாரத்துக்கு மேல் போனால் கை கன்ட்ரோலை மறந்துவிடும், பிறகு திரும்பி வருவது கடினம், அப்படியே நின்றுபோன சேவ்கள் எக்கச்சக்கம்.

ஜானோடு பழக ஒரு வழி, அவன் ஆர்தர் இல்லை என்பதைக் கவனிப்பது. ஆர்தர் நன்றாக நீந்துவான். ஜான் ஆழத்தில் இறங்கினால் சீக்கிரமே திணறி மூழ்கிவிடுவான், பழைய நினைப்பில் ஆற்றில் குதிரையை விட்டுவிட்டுத் தவிக்காதீர்கள். ஆர்தரின் நாட்குறிப்பு இப்போது ஜானிடம் இருக்கிறது. திறந்து பாருங்கள். ஆர்தர் அழகாக வரைவான், ஜானின் கோட்டில் அந்த நேர்த்தி கிடையாது. பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டு ஜானின் முதல் படத்துக்கு வரும்போது, ஒருவர் போன இடத்தில் இன்னொருவர் தட்டுத்தடுமாறி உட்காருவது தெரியும். பீச்சர்ஸ் ஹோப்பில் வீடு கட்டும் காட்சி வரை போய்விட்டால் பிறகு யாரும் விடுவதில்லை.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 தருவது வேறு வகை வலி, கோபம். 2013-இல் வந்த முதல் பாகத்தின் பெரும்பகுதியில் நம் கையாக இருந்த ஜோயல், 2020-இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே ஆபி என்ற பெண்ணின் கையால் அடித்துக் கொல்லப்படுகிறார். பாதிக் கேம் கழிந்ததும் அந்த ஆபியே நம் கைக்கு வருகிறாள். கை மறுக்கும். வேண்டுமென்றே அவளைச் சாகவிட்டவர்கள் உண்டு, கேமை விற்றவர்கள் உண்டு. அதில் எதுவும் தப்பில்லை. கோபம் திரையைத் தாண்டியதுதான் தப்பு. ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் போயின, 2020 ஜூலையில் அவரே அதை வெளியிட்டார். வசனம் பேசியவரைக் கொலைகாரியாக நினைக்கும் அளவுக்கு உங்களுக்குள் கொதித்தால், அன்று போனைத் தொடாதீர்கள். ஆபியின் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் தாக்குப்பிடியுங்கள், பிறகு கை அவளுக்கும் பழகும். அது பழகுகிறதே என்ற குற்றவுணர்வைத்தான் இந்தக் கேம் நம்மிடம் உண்டாக்கப் பார்க்கிறது. கடைசியில், ஜோயல் மகளைப் போல் பார்த்துக்கொண்ட எல்லி, அவர் சொல்லிக்கொடுத்த கிட்டாரை எடுக்கிறாள். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. நீங்கள் டச்பேடைத் தடவித் தடவிப் பார்ப்பீர்கள், முன்பு சரியாக விழுந்த சுரம் இப்போது விழாது.

நம் கவனக்குறைவால் நேரும் சாவு வேறு ரகம். மாஸ் எஃபெக்ட் 2-இன் கடைசித் தாக்குதலில், கப்பலுக்குக் கவசம், தடுப்புத்திரை, பீரங்கி ஆகிய மூன்று மேம்பாட்டில் எதை விட்டிருந்தாலும் ஒரு தோழர் சாவார். தோழர்களில் இருவராவது மிஞ்சாவிட்டால் நாம் ஆடும் ஷெப்பர்டே சாவார். இங்கே வருவது குற்றவுணர்வு, அதற்கு மருந்து பழைய சேவை லோட் செய்வது. வெட்கப்பட ஒன்றுமில்லை. தவிர்க்க முடியாத சாவைத் தவிர்க்கப் பார்ப்பதுதான் வீண். 1997-இல் ஃபைனல் ஃபேன்டஸி 7-இல் ஏரித் இறந்த பிறகு, அவளை உயிர்ப்பிக்க ரகசிய வழி உண்டு என்ற வதந்தியை நம்பி வருடக்கணக்கில் தேடினார்கள். வழி இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம். கேம்தானே, இதுக்குப் போயா அழுவே என்று சொல்லாதீர்கள். சமூகம் ஏற்றுக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இலேயே எழுதினார். நம் பேச்சில் சொன்னால், துக்கம் விசாரிக்க ஆள் வராத துக்கம். இறந்தது யார், எப்படிப்பட்டவர் என்று ஒரு கேள்வி கேளுங்கள், அது போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். ரெட் டெட் 2 பெரியவர்களுக்கான கேம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றதில்லை. ஆனாலும் பிள்ளை ஆடி, அழுது நிற்கிறது என்றால், அந்த நேரத்தில் வயரைப் பிடுங்காதீர்கள். வயதுக்கு மீறியதை ஏன் ஆடினாய் என்ற பேச்சை இரண்டு நாள் தள்ளிப் போடலாம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்றால் ஆர்தர் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. வீட்டில் ஒருவர் இருமி இருமி இறந்ததைப் பார்த்த ஒருவருக்கு இந்தக் கேம் ஆறாத இடத்தைத் தொட்டுவிடும். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பாதியில் இருக்கும் நண்பரிடம் ஆர்தருக்கு என்ன ஆகும் என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனாவது அத்தியாயம் என்று கேளுங்கள், நான்கு என்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள். கேம் வாங்கியதும், சாதனைகளுக்குக் கிடைக்கும் கோப்பைகளின் பட்டியலைத் திறந்து படிப்பதும் யூடியூபில் பெயரைத் தேடுவதும் ஸ்பாய்லருக்கு நேர்வழி.

எபிலாக் முடிந்து மேப் முழுவதும் திறந்த பிறகு செய்ய ஒரு வேலை இருக்கிறது. இறந்த தோழர்கள் ஒன்பது பேரின் கல்லறைகளும் மேப்பில் ஆங்காங்கே இருக்கின்றன, ஒன்பதையும் பார்த்தால் ஒரு கோப்பை கிடைக்கும். கோப்பை கிடக்கட்டும். லென்னி, ஹோசியா, ஷான், கீரன் என்று ஒவ்வொன்றாகப் போய்விட்டு ஆர்தருடையதைக் கடைசிக்கு வையுங்கள். ஆம்பரினோவில், டானர் அருவிக்கு வடகிழக்கே உள்ள மலையில் இருக்கிறது. சரிவான பாதை, குதிரையை வேகமாக விட்டால் உருண்டுவிடும், கடைசிப் பகுதியை நடந்தே ஏறுங்கள். மாலைச் சூரியனைப் பார்க்கும்படி ஒரு குன்றில் புதைத்ததாகக் கூட்டத்து நண்பன் சார்லஸ் ஜானிடம் சொல்வான். அதனால் கீழேயே முகாம் போட்டு, தூங்கும் நேரத்தை மாலை வரை என்று வைத்து எழுந்து ஏறினால் வெளிச்சம் சரியாக இருக்கும். உங்கள் ஆர்தர் நல்லவனாக வாழ்ந்திருந்தால் கல்லறையைச் சுற்றிப் பூ பூத்திருக்கும். ஜானின் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். இறங்கி வந்து குதிரைக்கு விசில் அடிக்கும்போது கட்டைவிரல் இந்த முறை தயங்காது.